பழைய டி700-ஐ இன்றைக்கு வாங்கலாமா?

ஆடி பிறந்தால் என் கடையில் வேலை கூடும். முகூர்த்தம் இல்லாத மாதம் அது. கல்யாண போட்டோகிராபர்களுக்குக் கேமராவைச் சர்வீசுக்கு விட அப்போதுதான் நேரம் கிடைக்கும். சென்சார் சுத்தம் செய்ய வருகிறவர்களில் சிலர் அந்த வருடம் மிரர்லெஸ்ஸுக்கு மாறியிருப்பார்கள். பழைய பாடியைப் பையோடு மேசைமேல் வைத்துவிட்டு, "யாராவது கேட்டா குடுத்துடுங்கண்ணே" என்று சொல்லிப் போவார்கள். அவர்களிடம் அசிஸ்டெண்டாக லைட் பிடித்துக்கொண்டிருந்த பையன்களும் அதே மாதத்தில்தான் வருவார்கள். "அண்ணே, ஒரு டி700 வந்திருக்குதாமே, வாங்கலாமா?"

விற்கிறவரும் எனக்கு வேண்டியவர், வாங்குகிறவரும் வேண்டியவர். வாங்குகிற பையனுக்கு அது பெரும்பாலும் முதல் கேமரா. வீட்டில் நகையை வைத்துப் பணம் புரட்டியிருப்பான். அதனால் இந்தக் கேள்விக்கு நான் ஒரு வார்த்தையில் பதில் சொல்வதில்லை. ஃபிலிம் காலத்தில் யாஷிகாவையும் நிக்கான் எஃப்எம்2-ஐயும் பிரித்துப் பிரித்துக் கற்ற தொழில் இது. திருச்சியில் இருக்கும் என் கடைக்குப் புதுக்கோட்டை, கரூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கேமரா வருகிறது. பழைய புரொபஷனல் டிஜிட்டல் கேமராக்களைத் திறந்து பார்த்த அளவில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. படத்தின் தரத்தை நினைத்து யாரும் அவற்றை ஒதுக்க வேண்டாம். பயப்பட வேண்டிய இடங்கள் வேறு.

டி700-ஐ நிக்கான் அறிவித்தது 2008 ஜூலையில். அதற்கு முந்தைய வருடம் வந்த டி3-இல் இருந்த அதே வகை 12.1 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரையும் 51 பாயின்ட் ஆட்டோஃபோகஸையும் சற்றுச் சின்ன பாடியில் வைத்துக் கொடுத்தார்கள். அதற்கு முன் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஓடியவை டி70, டி200, பிறகு டி200 பாடியில் ஃபியூஜி தன் சென்சாரை வைத்துச் செய்த எஸ்5 புரோ. ஃபியூஜி கொடுத்த தோல் நிறத்தைப் பற்றிப் பழைய ஆட்கள் இன்றும் ஆசையோடு பேசுவார்கள். ஆனால் டி70-இலும் டி200-இலும் ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டினால் மாப்பிள்ளையின் தலைமுடியிலும் மண்டபத்து நிழலிலும் புள்ளி புள்ளியாக நாய்ஸ் ஏறிவிடும்.

அதிகாலை முகூர்த்தத்தில் நின்று படம் எடுத்தவர்களுக்கு டி700-இன் அருமை தெரியும். மணி ஐந்துகூட ஆகியிருக்காது. ஹோமப் புகை மேடையை மூடியிருக்கும். வெளிச்சம் என்று இருப்பது வீடியோக்காரரின் ஒற்றை லைட்தான். ஃபிளாஷ் அடித்தால் புகை வெள்ளையாகத் திரண்டு பெண்ணின் முகத்தை மறைக்கும், அடிக்காவிட்டால் படம் இருட்டு. டி700 வந்த பிறகு ஐஎஸ்ஓ 3200 வைத்து ஃபிளாஷ் இல்லாமலே எடுத்தார்கள். மூன்றாவது முடிச்சுப் போடக் குனியும் நாத்தனாரின் முகம் கையில் இருக்கும் விளக்கு வெளிச்சத்திலேயே விழுந்தது. காரணம் எளிது. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சென்சாரில் 12 மில்லியன் பிக்சல்தான். ஒவ்வொன்றும் ஏறத்தாழ எட்டரை மைக்ரான் அகலம், டி200-இல் அது ஆறு மைக்ரான். பிக்சல் பெரிதானால் அதில் விழும் ஒளியும் அதிகம். அன்றைக்கு அந்த வெளிச்சத்தில் எடுத்த படம் இன்றைக்கும் அதே படம்தான். புது மாடல் வந்ததால் பழைய சென்சாரின் பார்வை மங்கிவிடுவதில்லை.

"12 மெகாபிக்சல் ஆல்பத்துக்குப் போதுமாண்ணே?" என்று அடுத்த கேள்வி வரும். ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். கல்யாண ஆல்பம் பெரும்பாலும் 12க்கு 36, அதாவது விரித்தால் 36 அங்குலம். டி700 படத்தின் அகலம் 4256 பிக்சல். ஒரு படத்தை ஒரு பக்கத்துக்கு, 18 அங்குல அகலத்தில் வைத்தால் அங்குலத்துக்கு 236 புள்ளி வரும். மடியில் வைத்துப் புரட்டும் ஆல்பத்துக்கு அது தாராளம். அதே படத்தை நடு மடிப்பைத் தாண்டி 36 அங்குலத்துக்கும் இழுத்தால் 118தான். தூரத்திலிருந்து பார்த்தால் குறை தெரியாது, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புடவை ஜரிகை குழையும். விரிப்பு முழுக்க ஒரே படம் வைக்கும் டிசைன்தான் தன் பாணி என்கிறவர் அதே 2008-இல் வந்த கேனான் 5டி மார்க் 2 பக்கம் போகலாம். அது 5616 பிக்சல், ஒரு பக்கத்துக்கு 312 புள்ளி. ஆனால் அதில் ஓரத்து ஃபோகஸ் பாயின்ட்கள் பலவீனம். நடு பாயின்ட்டில் ஃபோகஸ் செய்து ஃபிரேமைத் திருப்பிப் பழகியவர்களுக்குத்தான் அது சரிப்படும்.

படத்தைப் பற்றிய பேச்சு இவ்வளவுதான். மிச்சமெல்லாம் பொருளைப் பற்றியது.

போன வருடம் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் டி700 ஒன்றைக் கொண்டுவந்தான். பணம் இன்னும் கொடுக்கவில்லை, பார்த்துச் சொல்லச் சொன்னான். நான் முதலில் பாடி மூடியைக் கழற்றி மூக்கருகே பிடித்தேன். பூஞ்சை பிடித்த கேமராவுக்குப் பூட்டிக் கிடந்த அலமாரியின் வாடை இருக்கும், அதை எந்தத் துடைப்பும் போக்காது. இதில் வாடை இல்லை. அடுத்தது கைப்பிடி ரப்பர். இந்த மாடலில் வியர்வையும் சூடும் பட்டு ரப்பர் உப்பி, ஓரத்தில் எழும்பி நிற்கும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பழுது அல்ல. புது ரப்பர் கிடைக்கிறது, ஒட்டிவிடலாம். ரப்பரைப் பார்த்து கேமராவை ஒதுக்கியவர்கள் நல்ல பாடிகளை இழந்திருக்கிறார்கள். விலை குறைக்க மட்டும் அதைச் சொல்லிக் கேட்கலாம்.

பேட்டரி அறையைத் திறந்து டார்ச் அடித்தேன். தகடுகளில் பச்சைப் படிவம் இருந்தால் அங்கேயே மூடிக் கொடுத்துவிடுவேன். தண்ணீர் புகுந்ததற்கு அதுதான் சாட்சி. ஃபிளாஷ் மாட்டும் ஷூவின் அடியிலும், டிரைபாட் திருகு ஓட்டையிலும் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடற்கரையில் ஓடிய கேமராக்களை அந்தத் திருகு ஓட்டை காட்டிக்கொடுக்கும். வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கத்திலிருந்து வருபவற்றில் உப்புக் காற்று உள்ளே போயிருக்கும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ரிப்பன் கேபிளின் முனை கறுத்திருக்கும். அப்படிப்பட்ட பாடி இன்றைக்கு ஓடும், அடுத்த மழைக்காலத்தில் திடீரென்று நிற்கும்.

கார்டு அறையில் 50 ஊசிகள். சிஎஃப் கார்டைச் சாய்த்து அழுத்தியவர் கையில் இருந்த கேமரா என்றால் ஏதாவது ஒன்று வளைந்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து வரிசை நேராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பையனையும் பார்க்கச் சொன்னேன். அடுத்த முறை என்னிடம் வராமலே அவன் பார்க்கத் தெரிந்துகொள்ளட்டும் என்று.

லென்ஸ் மவுண்ட்டுக்குள் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. நிக்கானில் லென்ஸின் அப்பர்ச்சரை அதுதான் மூடித் திறக்கும். கேமரா விழுந்திருந்தாலும், தவறான லென்ஸைப் பலவந்தமாகத் திருப்பியிருந்தாலும் அது வளையும். அப்போது ஒரே செட்டிங்கில் எடுத்த இரண்டு படங்களின் வெளிச்சம் வேறுவேறாக இருக்கும். விற்கிறவர் "மீட்டரிங் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்" என்று சொன்னால் நான் அங்கேதான் பார்ப்பேன்.

பிறகு ஷட்டர். வெள்ளைச் சுவரைப் பார்த்து 1/8000 நொடியில் நாலைந்து படம். அந்த வேகத்தில் ஷட்டரின் இரண்டு திரைகளுக்கு நடுவே மெல்லிய இடுக்கு ஒன்றுதான் சென்சார்மேல் ஓடுகிறது. திரைகளில் ஒன்று பின்தங்கினால் இடுக்கின் அகலம் வழியிலேயே மாறும், சுவரின் ஒரு பக்கம் மட்டும் படத்தில் இருட்டாகத் தெரியும். அப்புறம் அப்பர்ச்சரை 16க்கு மூடி வானத்தைப் பார்த்து ஒரு படம். தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். தூசி போகும், துடைத்தவர் போட்ட கீறல் போகாது. சுழற்றும் டயல் இரண்டையும் மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். முன் டயல் ஒரு படி திருப்பினால் இரண்டு படி தாண்டியது. பழைய நிக்கான்களில் இது சகஜம், தொடுமுனை அழுக்கு. பிரித்துச் சுத்தம் செய்தால் சரியாகும். அதற்கான கூலியை விலையில் கழித்துக்கொள்ளச் சொன்னேன்.

ஷட்டர் கவுண்ட்டைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் கடைசியில்தான் பார்ப்பேன். நிக்கானில் அந்த எண் ஒவ்வொரு படத்தோடும் பதிவாகிறது. கடைசியாக எடுத்த படம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டுப் படிக்கலாம். 5டி மார்க் 2 படத்தில் அதை எழுதுவதில்லை. கேபிள் மாட்டி அதற்கான மென்பொருளில்தான் எடுக்க வேண்டும். டி700-இன் ஷட்டரை 1,50,000 முறை ஓட்டிச் சோதித்ததாக நிக்கான் சொல்கிறது. அது ஆயுள் முடியும் நாள் அல்ல. ஆனால் கல்யாண வேலையில் அந்த எண் எவ்வளவு சீக்கிரம் வரும் என்று யோசியுங்கள். ஒரு கல்யாணத்துக்கு 2,500 படம் என்றால் 60 கல்யாணத்தில் வந்துவிடும். பழைய பைக் வாங்கும்போது கிலோமீட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லையே, அதே கதைதான் இங்கும்.

ஒரு சமயம் இரண்டு டி700 ஒரே வாரத்தில் விலைக்கு வந்தன. ஒன்று வசதியான வீட்டில் வாங்கி பீரோவில் வைத்திருந்தது. பத்தாயிரம் படம்கூட எடுத்திருக்கவில்லை. பேட்டரி போட்டதும் மேல் திரையில் கிளாக் என்ற எழுத்து மின்னியது. உள்ளே இருக்கும் கடிகாரப் பேட்டரி மெயின் பேட்டரியிலிருந்து சார்ஜ் ஏற்றிக்கொள்வது. அது காலியாகிவிட்டது என்றால் கேமராவை மாதக்கணக்கில் யாரும் தொடவில்லை என்று பொருள். வியூஃபைண்டருக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை. கண்ணாடி வந்து மோதும் பஞ்சு கையில் ஒட்டியது. இன்னொன்று பள்ளிக்கூட குரூப் போட்டோ எடுக்கிறவருடையது. இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. பெயின்ட் உரிந்து மூலையில் உலோகம் தெரிந்தது. ஆனால் தினமும் வெளிச்சம் கண்ட கேமரா, வருடம் தவறாமல் சர்வீசுக்கு வந்தது. இரண்டாவதைத்தான் எடுக்கச் சொன்னேன், ஷட்டர் மாற்றும் செலவைக் கழித்து விலை பேசி. நம் ஊர் ஈரக் காற்றில் கேமராவைக் கெடுப்பது உழைப்பைவிட ஓய்வுதான்.

இவ்வளவையும் பார்த்துத் தேறினாலும், ஒரு பையனிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதை வெச்சுத் தனியா கல்யாண ஆர்டர் எடுக்கப் போறியா?" ஆமாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். டி700-இல் கார்டு போடும் இடம் ஒன்றுதான். கார்டு பழுதானால் அன்றைய படம் மொத்தமும் போச்சு. பெண் வீட்டுக்காரரிடம் போய் தாலியை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. டி3-இல் இரண்டு கார்டு போடலாம், ஷட்டரும் 3,00,000 வரை சோதித்தது. ஆனால் அதன் பேட்டரி வேறு வகை. நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம். டி700 பேட்டரி டி200, டி300, டி90 எல்லாவற்றுக்கும் பொருந்துவது என்பதால் தட்டுப்பாடு இல்லை. (வாங்கும்போது மெனுவில் பேட்டரி இன்ஃபோ திறந்து பாருங்கள். அதன் வயதை 0 முதல் 4 வரை காட்டும், 4 என்றால் மாற்ற வேண்டியதுதான்.)

தனியாகக் கல்யாணம் எடுக்க நினைப்பவன் இன்னும் கொஞ்சம் சேர்த்து 2014-இல் வந்த டி750-ஓ 2012-இல் வந்த 5டி மார்க் 3-ஓ பார்க்கட்டும். இரண்டிலும் இரண்டு கார்டு. டி750-இல் ஒரு காலகட்டத்தில் செய்த பாடிகள் சிலவற்றுக்கு நிக்கானே ஷட்டரை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. சீரியல் நம்பரையும், வேலை நடந்ததா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். டி600 மலிவாக வரும். சென்சாரில் புள்ளிகள் விழுந்ததை ஒப்புக்கொண்டு 2014-இல் அதற்கும் ஷட்டர் மாற்றினார்கள். மாற்றாத டி600-ஐ நான் யாருக்கும் கைகாட்ட மாட்டேன்.

இன்னொரு சங்கடம் மண்டபத்து விளக்கு. டி700 வந்த காலத்தில் இத்தனை எல்இடி கிடையாது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் மலிவான எல்இடியின் வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/250-இல் அடுத்தடுத்து எடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வரும், சில சமயம் குறுக்கே பட்டை விழும். இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதியைக் கேனான் 2014-இல் 7டி மார்க் 2-இல் கொடுத்தது. பழையவற்றில் அது இல்லை. 1/100-க்கு இறங்கினால் விளக்குப் பிரச்சினை பெருமளவு தீரும், ஆனால் தூவும் அட்சதை கோடு கோடாகத் தெரியும். அது பிடித்தவர்களும் உண்டு, எனக்கும் பிடிக்கும். வாடிக்கையாளருக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம். வீடியோ வேண்டும் என்றால் டி700-ஐப் பற்றிப் பேசவே வேண்டாம், அதில் அந்த வசதியே இல்லை.

அப்படியானால் யாருக்கு? கோயில் சிற்பம், பரதநாட்டிய மேடை, குழந்தை போட்டோ, வீட்டு விசேஷம் எடுக்கிறவர்களுக்கு. தலைமை போட்டோகிராபருக்குப் பக்கத்தில் நின்று இரண்டாவது கோணம் எடுக்கும் பையனுக்கு. கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட நல்ல பாடி கிடைப்பது அரிது என்று நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பொத்தான், மெனுவுக்குள் தேட வேண்டியதில்லை, கண்ணை எடுக்காமலே விரல் தெரிந்துகொள்ளும். பாடி மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கனம். நாள் முழுக்கக் கழுத்தில் மாட்டியவருக்குத் தோள் வலிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டைப் பையனின் கதை இன்னும் முடியவில்லை. அவன் டி700-ஐத் தேடி வந்ததற்குக் காரணம் அப்பா. சின்ன ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவர் ஃபிலிம் காலத்தில் வாங்கிய 80-200 லென்ஸும் 85 லென்ஸும் வீட்டில் இருந்தன, இரண்டும் நிக்கான் ஏஎஃப்-டி வகை. இந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பாடியிலுள்ள மோட்டார் ஒரு சின்ன திருகுமுனை வழியாக லென்ஸைச் சுழற்றும். நிக்கான் இசட் மிரர்லெஸ்ஸில் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு மாட்டலாம், ஆனால் அடாப்டரிலும் மோட்டார் இல்லை, ஆட்டோஃபோகஸ் ஓடாது. டி3000, டி5000 வரிசைச் சின்ன பாடிகளிலும் ஓடாது. வேறொரு கடையில் இருந்தவர்கள் லென்ஸை விற்றுவிடச் சொல்லியிருக்கிறார்கள். நான் 80-200-ஐ அந்த டி700-இல் மாட்டி எதிர்க்கடை போர்டைப் பார்த்து பட்டனை அழுத்தினேன். கரகரவென்று சுழன்று எழுத்தில் போய் நின்றது. அவனிடம் கொடுத்து 51 பாயின்ட்டில் ஓரத்தில் இருப்பவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொன்னேன். லென்ஸில் உள்ளே லேசான பூஞ்சை இருந்தது, ஓரத்தில்தான். பிரித்துத் துடைத்துக் கொடுத்தேன்.

கேமராவை அவன் எடுத்துக்கொண்டான். டயலுக்கான கூலியும் ரப்பரும் கழித்துத்தான் விலை. ஒரு நல்ல செல்போனுக்குக் கொடுக்கும் பணத்துக்குள் முடிந்தது, மிச்சத்தில் பிராண்ட் பேர் உள்ள கார்டு இரண்டும் ஒரு ரீடரும் வாங்கச் சொன்னேன். இந்த வயதுக் கேமராக்களுக்குக் கம்பெனியிலிருந்து உதிரி பாகம் எதிர்பார்க்க முடியாது. உற்பத்தி நின்று சில வருடங்கள் வரைதான் வைத்திருப்பார்கள். மெயின் போர்டோ ஃபோகஸ் மோட்டாரோ போனால் செத்த பாடி ஒன்றிலிருந்துதான் எடுத்துப் போட வேண்டும். அதனால் திரை உடைந்ததோ, தண்ணீர் படாமல் போர்டு மட்டும் போனதோ டி700 எங்காவது பழைய சாமான் விலைக்கு வந்தால் விடாதே என்று சொல்லி அனுப்பினேன். தை மாதத்தில் கரூரிலிருந்து அப்படி ஒன்று வந்தது. அதன் ஷட்டர் நன்றாக இருந்தது. அவன் பெயரை எழுதி ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன்.